ஆளில்லாத நேரத்து வெளிச்சம்

பேனாவைப் பறிப்பதில் வெர்லா குபிசெக்குக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. படிப்பறை வாசலில் நிற்பார். வருகிறவரின் சட்டைப் பையைத்தான் முதலில் பார்ப்பார், முகத்தை அப்புறம். பேனா தெரிந்தால் இடது கை நீளும். பேனா அதில் விழுந்ததும் வலது கையிலிருந்து கூர் சீவிய பென்சில் ஒன்று வரும். மாணவனுக்கும் அதுதான், பேராசிரியருக்கும் அதுதான். கட்டடம் கட்டப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் ஒருவர் தங்க முனை போட்ட பேனாவோடு வந்தபோதும் அதுதான் நடந்தது. "மை எதுவும் உள்ள வராது கண்ணு. அழறதா இருந்தாலும் வெளிய போய் அழுதுட்டு வா. கண்ணீரும் ஈரந்தானே?"

எங்கள் பல்கலைக்கழகத்து ஓவிய அருங்காட்சியகத்தில் கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கும் படங்கள் ஊர்க்காரர்களுக்கு. மாட்டாமல் வைத்திருப்பவை வகுப்புகளுக்கு. மூன்றாம் மாடியில், பதினோராயிரம் தாள்கள் கறுப்புப் பெட்டிகளில் படுத்திருக்கின்றன. எந்தத் துறை ஆசிரியராக இருந்தாலும் ஒரு வாரம் முன்னால் கேட்டுவிட்டால் போதும். கேட்ட படத்தை எடுத்து மேசையில் விரித்து வைப்பதும், வகுப்பு முடிந்ததும் பெட்டிக்குள் திருப்பி வைப்பதும் வெர்லாவின் வேலை. அவருடைய பதவி 'உதவியாளர், நிலை இரண்டு'. நிலை மூன்றுக்குப் பட்டம் வேண்டும். வெர்லா பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவர். இருபத்திரண்டு வருடமாக நிலை இரண்டு.

படங்களை வரைந்தவர் பெயரால் அவர் சொல்லிக் கேட்டதில்லை. வந்து பார்க்கும் வகுப்பின் பெயரால்தான் சொல்வார். இரும்புப் பாலம் ஒன்றின் செதுக்குப் படம் 'இஞ்சினியர் பாலம்'. முக்காடு போட்ட கிழவியின் படம் 'நர்சு பாட்டி'. செவிலியர் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்து, அந்தக் கிழவியின் விரல் கணு வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறாளா என்று பார்த்து எழுதுவார்கள். 'வக்கீல் சண்டை' என்று ஒன்று உண்டு. குடித்துவிட்டுத் தெருவில் அடித்துக்கொள்ளும் ஏழு பேர். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதை ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். முதல் அடி யார் அடித்தது என்று ஆசிரியர் கேட்பார். ஒரு அறைக்குள் ஐந்து சாட்சியம் கிடைக்கும். வெர்லாவுக்குப் பிடித்த வகுப்பு அது. "இதுங்க கைல மாட்டுனா நான் வேலிதாண்டி ஓடிருவேன்" என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அறுபத்திரண்டு வயது. அகலமான முதுகு, குட்டையாக வெட்டிய நரை முடி, மோதிரம் இல்லாத விரல்கள். மோதிரம் தாளில் உரசும் என்பதால் கல்யாண மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டிருக்கிறார். கையுறை போட மாட்டார். துணி போட்ட விரலுக்குத் தாளின் கனம் தெரியாது என்பார். அதற்குப் பதில் கை கழுவுவார். ஒரு பெட்டிக்கு ஒரு கழுவல். அயோவாவின் ஜனவரிக் குளிரில் அந்தக் கைகள் வெடித்துச் சிவந்து கிடக்கும். களிம்பு தடவ முடியாது. எண்ணெய்ப் பிசுக்கு படத்துக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிப் பெட்டியை மூடியபிறகுதான் பையிலிருந்து களிம்பு டப்பா வெளியே வரும். மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு அது. "பசுவுக்கு ஒத்துக்குதுன்னா எனக்கும் ஒத்துக்கும்."

இருபத்தைந்து மைல் தள்ளி, சோளமும் சோயாவும் போட்ட நிலத்து நடுவில் வீடு. நாலரை மணிக்கு எழுந்து பழகிய உடம்பு. திங்கட்கிழமைகளில் நடுவில் பிளம் பழக்கூழ் வைத்த கொலாச்சே ரொட்டி ஒரு தட்டு வரும். அதைப் படிப்பறைக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். தின்றவர்கள் வரிசையாகப் போய்க் கை கழுவுவதை நின்று பார்ப்பார். ஒரு பேராசிரியர் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு நைசாக உள்ளே நுழையப் போனபோது, "டேவிட், பேன்ட்டு என்ன சோப்பா?" என்று கேட்டாரே தவிர, குரலை உயர்த்தவில்லை.

முன்னதாகவே தயாராகிவிடுவது அவருக்கு ஒரு கௌரவம். பத்து மணி வகுப்புக்கு ஏழரைக்கே மேசைகள் முடிந்திருக்கும். படத்தின் மேல் சட்ட அட்டை ஒன்று உண்டு. நடுவில் சன்னல் வெட்டிய தடித்த அட்டை, படத்தின் ஓரத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கும் மேலே மூடி. அந்த மூடிகளையெல்லாம் திறந்து, படங்களை வரிசையாக வைத்து, விளக்குகளை முழுவதும் போட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மாணவர்கள் கதவைத் திறந்ததும் அத்தனை படங்களும் அவர்களைப் பார்க்க வேண்டும். மத்தியானமும் அதே படத்துக்கு வகுப்பு இருந்தால், எடுத்து வைத்து எடுத்து வைத்துத் தாளை அலைக்கழிப்பானேன் என்று அப்படியே விட்டுவிடுவார். "இன்னிக்கு வரைக்கும் ஒரு வகுப்பும் எனக்காக நின்னதில்ல" என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை.

அவர் மற்றவர்களை மிரட்டுவது வெளிச்சத்தை வைத்து. தாளில் வரைந்த படம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். வெளுத்தது திரும்பாது. அதனால் ஒரு படத்துக்கு வருடத்துக்கு இருபது மணி நேரம் என்று அளவு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவேடு. எந்த வகுப்பு, எத்தனை நிமிடம் என்று அவர்தான் எழுதுவார். அளவு தீர்ந்த படத்தைக் கேட்டுத் துறைத்தலைவரே வந்து நின்றாலும், "அது தூங்கப் போயிருச்சு. ஜனவரில வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

வகுப்பு நடக்கும்போது வெர்லா பேசமாட்டார். அந்த அறையின் வழக்கம் அது. பாடம் சொல்வது ஆசிரியர், படத்தைப் பற்றிச் சொல்வது காப்பாளர் எலியட். பெட்டி தூக்குகிறவர் கதவோரத்து முக்காலியில் உட்கார வேண்டும். அவர் அங்கே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவார். போடுவதுபோல் இருக்கும். ஒரு வகுப்பு முழுக்க இரண்டு கட்டம்தான் நிரம்பியிருக்கும்.

நான் தாவரவியல் முதலாண்டு வகுப்பை அங்கே கூட்டிப்போக ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் நான். இரண்டு பட்டம் வாங்கிய பிறகும் ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நிற்கத் தெரியாமல்தான் முதல் நாள் உள்ளே போனேன். பேனாவும் பறிபோனது. என் வகுப்புக்கு வெர்லா வைத்திருக்கும் படம் புல்வெளி ரோஜா. நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால், பெயர் தெரியாத பள்ளி ஆசிரியை ஒருத்தி நீர்வண்ணத்தில் தீட்டியது. ஒரு கிளை, ஐந்து இதழ்ப் பூக்கள் நான்கு, ஒரு மொட்டு. எங்கள் துறைக்கு மட்டுமில்லை, வண்ணம் பழகும் பிள்ளைகளுக்கும் கவிதை எழுதும் பிள்ளைகளுக்கும் அதே ரோஜாதான். வருடத்தில் பத்துப் பன்னிரண்டு வகுப்பு அதைப் பார்க்கும்.

பாடம் எளிது. பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணில் படுவதையெல்லாம் பென்சிலால் ஒரு சீட்டில் எழுத வேண்டும். தெரிந்ததை எழுதக் கூடாது, பார்த்ததை எழுத வேண்டும். பிறகுதான் செடியின் பெயர். சீட்டுகளை நாங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம். குப்பைக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

போன அக்டோபரில் டெஸ்ஸா ஓல்த்ஹாஃப் என்ற பெண்ணின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாநிலத்தின் வடமேற்கு மூலையிலிருந்து வந்தவள், பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்களின் மகள். 'வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்' என்று எழுதியிருந்தாள். புல்வெளி ரோஜா இளஞ்சிவப்பு, இன்னொரு தடவை பார் என்றேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "எங்க வேலியோரம் பூரா இந்தப் பூதான் சார். அது ரோஸ் கலருன்னு எனக்குத் தெரியும். தாள்ல இருக்கறது வெள்ள. தெரிஞ்சத எழுதாத, பாத்தத எழுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வகுப்பு சிரித்தது. நான் குனிந்து பார்த்தேன். ஓரங்களில் லேசாக ஒரு சிவப்புச் சாயல் இருந்தது, இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற அளவில். ஏழு வருடமாக நான் அந்தப் படத்தில் பார்த்த நிறம் என் படிப்பிலிருந்து வந்த நிறம். டெஸ்ஸாவுக்கு முழு மதிப்பெண் போட்டேன். கதவோரத்தில் வெர்லா பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலை இருந்தால் முடித்துவிட்டு வரச் சொன்னார், அவசரம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். போனபோது மேசைமேல் காலணிப் பெட்டிகள் பதினெட்டு இருந்தன. இருபத்திரண்டு வருடத்துச் சீட்டுகள். ஒன்றைக்கூட அவர் எறிந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பாராம். ரோஜாவைப் பார்த்த வகுப்புகளின் சீட்டுகளை மட்டும் வருட வாரியாகப் பிரித்துப் பரப்பியிருந்தார். ஆரம்ப வருடத்து மாணவன் ஒருவன் 'பன்றிக்குட்டியின் காது நிறம்' என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி, 'அழுது முடித்த மூக்கு'. ஆறேழு வருடம் கழித்து 'வெளிர் சிவப்பு'. அப்புறம் 'பலமுறை துவைத்த சட்டை'. நான் சேர்ந்த வருடத்தில் 'கொஞ்சம் சிவப்பு கலந்த வெள்ளை'. இந்த வருடம் இருபத்துநாலு பேரில் ஒன்பது பேர் 'வெள்ளை'. மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் அந்த ரோஜா வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

பிறகு அவர் படத்தின் மேலிருந்த சட்ட அட்டையை, எலும்பில் செய்த மழுங்கல் கத்தியால் நெம்பித் தூக்கினார். வலதுபக்கப் பூவின் ஒரு இதழ்நுனி, நகக்கண் அளவு, அட்டைக்கு அடியில் போயிருந்தது. அது இன்னும் பன்றிக்குட்டியின் காது நிறத்தில் இருந்தது.

இருபது மணி நேரத்துக்கு மேல் போகவில்லையே, பதிவேட்டில் இருக்கிறதே என்றேன். வெர்லா பதிவேட்டைத் திறக்கவில்லை.

"வகுப்பு நடந்த நேரத்தத்தான் எழுதியிருக்கேன். ஏழரைலேர்ந்து பத்து வரைக்கும் எழுதல. மத்தியானம் சும்மாக் கெடந்தத எழுதல." சட்ட அட்டையைப் பழையபடி இறக்கி வைத்துக்கொண்டே, "ஆள் இல்லாதப்ப யாரும் பாக்கலையே, அது எப்பிடிச் செலவாகும்னு இருந்துட்டேன்" என்றார்.

காப்பாளர் எலியட் நல்ல மனிதர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். வெர்லா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எலியட் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். படத்துக்குச் சேதம் செய்தவரிடமிருந்து அலமாரிச் சாவி போய்விடும் என்பது அருங்காட்சியகத்தின் விதி. பெரும்பாலும் கீழ்த்தளத்தில் கோட்டு வாங்கி மாட்டும் இடத்துக்கு அனுப்புவார்கள். வெர்லாவுக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. எலியட் கோப்பில் ஒரே வரி எழுதினார்: 'பல்லாண்டுகள் வகுப்புகளில் பயன்பட்டதால் நிறம் மங்கியுள்ளது.' வெர்லாவின் பெயர் அதில் இல்லை. அவர் படித்துப் பார்த்தார். கோப்பை மூடி எலியட் பக்கமே நகர்த்தினார். எனக்கும் எலியட்டுக்கும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு வரியைத்தான் புதிய இயக்குநர் படித்தார். இங்க்ரிட் ஹால்வர்சன் டிசம்பரில் பொறுப்பேற்றவர், பழைய தாள்களைச் செப்பனிடும் தொழிலிலிருந்து வந்தவர். ஒரு படத்தை வகுப்புகள் இப்படி வெளுக்கவைத்திருந்தால் மற்றப் படங்களின் கதி என்ன என்று அவர் கேட்டதில் தப்பில்லை. ஜனவரியில் எல்லாத் துறைக்கும் கடிதம் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து வகுப்புகளுக்குப் படங்கள் திரையில் காட்டப்படும். பெட்டிகள் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும். முடிவை உறுதிசெய்யுமுன் ஒரு வகுப்பை நேரில் வந்து பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். செவிலியர் கல்லூரி ஆசிரியை எனக்குத் தொலைபேசினார். திரையில் காட்டுவதற்கு எதற்கு மூன்று மாடி ஏற வேண்டும், வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்றார்.

வெர்லா கடிதத்தை மடித்துக் குறுக்கெழுத்துப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். இயக்குநரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன்.

"கோட்டு மாட்டற எடத்துக்குப் படம் வராது" என்றார்.

இயக்குநர் தேர்ந்தெடுத்தது என் வகுப்பைத்தான். பிப்ரவரி மாதம், வெளியே முழங்கால் அளவுப் பனி. பேனாவை வாசலில் கொடுத்துவிட்டுப் பென்சிலை வாங்கிக்கொண்டு, பின்வரிசையில் பதிவேட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார் ஹால்வர்சன். எலியட் சன்னலோரம் நின்றார். ரோஜாவை எட்டு நிமிடம் மட்டும் காட்டுவதாக ஏற்பாடு. எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் வெர்லா பெட்டியைத் திறந்தார். இயக்குநர் கேட்டுக்கொண்டபடி சட்ட அட்டையை நீக்கியே வைத்தார். இந்தப் பருவத்துப் பிள்ளைகள் எழுதினார்கள். இருபத்தாறு பேரும் அந்த இதழ்நுனியைப் பிடித்துவிட்டார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன், 'மூடியிருந்த இடம் மட்டும் உயிரோடு இருக்கிறது' என்று எழுதியதை நானே படித்துக் காட்டினேன்.

எட்டு நிமிடம் முடிந்ததும் வெர்லா படத்தை மூடிவிட்டு முக்காலிக்குப் போனார்.

ஹால்வர்சன் தன் பென்சிலால் பதிவேட்டில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார். என் வகுப்பு இதை எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்று கேட்டார். பருவத்துக்கு ஒரு தடவை, ஐம்பது நிமிடம் என்றேன். அவர் திரும்பவும் கூட்டினார்.

"எல்லா வகுப்பையும் சேத்து இருநூத்து முப்பது மணி நேரம் வருது. இருபத்திரண்டு வருஷத்துக்கு இது ஒண்ணுமே இல்ல. இந்த வெளுப்புக்கு ஆயிரம் மணி நேரமாவது வேணும்." குரலில் கோபம் இல்லை, கணக்கு இடிப்பது மட்டும் அவரை உறுத்தியது. பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கேட்டார். "மிச்ச வெளிச்சம் எங்கேர்ந்து வந்தது?"

பரீட்சைக் கேள்வி என்று நினைத்துவிட்டார்கள். சன்னல் என்றான் ஒருவன். சன்னல் திரைச்சீலை எப்போதும் மூடித்தான் இருக்கும் என்றார் ஹால்வர்சன். இங்கே வருமுன்பே வெளுத்திருக்கலாம் என்றாள் ஒருத்தி. எலியட் அதைப் பிடித்துக்கொண்டார். பழைய காலத்துச் சாயங்களில் சில இயல்பிலேயே அப்படி என்று ஆரம்பித்து, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் கையிலிருந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிய சீட்டுகளையே திரும்ப அடுக்கினேன்.

"யாருக்காவது தெரியுமா?" என்றார் ஹால்வர்சன்.

கதவோரத்தில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. வெர்லா எழுந்து நின்று, மாணவர்கள் தூக்குவதுபோலவே, முழங்கை நிமிர வலது கையைத் தூக்கினார். வெடித்துச் சிவந்த கை. இயக்குநர் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை அதை இறக்கவில்லை.